ஒத்தப் புளியமரம் எது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டார். "மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா. பதினைந்து நிமிஷம்தான்" என்றார். "என்ன தலைப்பு சார்?" என்று கேட்டேன். "வெற்றிக்கு வழி, வேலைவாய்ப்பு, இந்த ரெண்டையும் வேற ஆளுங்க பேசறாங்க. அதை விட்டுட்டு எது வேணாலும் பேசு" என்றார். ஆகவே, விமானப்படைகள் கட்டம் போட்ட வரைபடத்தை வைத்து இடம் சொன்ன கதையைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கடமலைக்குண்டிலிருந்து பஸ் ஏறி இந்தக் கல்லூரிக்கு வந்தவனுக்கும் விமானப்படைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம். மயிலாடும்பாறை தாண்டி மலைச்சரிவில் எங்கள் சித்தப்பாவுக்கு ஓர் இலவம் தோப்பு உண்டு. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் அங்கே பாறையில் வழுக்கி விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்துபோயிற்று. கூட இருந்த பையன் ஒரு மேட்டில் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடம் பார்த்து, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினான்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ஒத்தப் புளியமரத்துல இருந்து மேற்கால வாங்கண்ணே. ஓடையத் தாண்டி அங்கிட்டு."

இதைவிடத் தெளிவாக எங்கள் ஊரில் யாரும் வழி சொல்ல முடியாது. ஆனால் வண்டி ஓட்டியவர் வெளி மாவட்டத்துக்காரர். அவர் வழியில் விசாரித்தார். ஊர்க்காரர்கள் ஓர் ஒத்தப் புளியமரத்தைக் காட்டினார்கள். அது வேறு ஒத்தப் புளியமரம். எங்கள் பக்கத்தில் அப்படி இரண்டு இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரம் அதிகமாயிற்று.

யார் மேலும் தப்பு இல்லை. பையன் சரியாகத்தான் சொன்னான். டிரைவர் சரியாகத்தான் கேட்டார். நடுவில் ஒரு பொதுவான பாஷை இல்லை, அவ்வளவுதான். அந்தப் பாஷையைச் சம்பளத்துக்குப் பேசுகிறவன் நான். தினமும் ஜி.பி.எஸ். கருவியும் வரைபடமுமாகத் திரிகிற பொறியாளன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட நான் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கம் வராத ராத்திரிதான் இன்றைய என் பேச்சு.

இனிக் கதைக்கு வருகிறேன்.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பீரங்கிக்குப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. குண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழும். எங்கே விழுந்தது என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. விமானத்தில் போகிறவனுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எப்படிச் சொல்வது? தொடக்கத்தில் வண்ண வெளிச்சம் காட்டினார்கள். எழுதி, பையில் போட்டுக் கீழே எறிந்தார்கள். 1914 செப்டம்பரில் பிரான்சில் எய்ன் ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் ராயல் ஃப்ளையிங் கோர் படையைச் சேர்ந்த லூயிஸ், ஜேம்ஸ் என்ற இரு அதிகாரிகள் விமானத்திலிருந்து கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிப் பீரங்கிகளுக்கு வழிகாட்டினார்கள்.

தந்தியில் ஒரு கஷ்டம் உண்டு. விமானத்திலிருந்து அனுப்பத்தான் முடியும், பதில் வாங்க முடியாது. கீழே இருப்பவர்கள் தரையில் வெள்ளைத் துணிப் பட்டைகளை விரித்துத்தான் மேலே பதில் சொன்னார்கள். "எந்த மரம்? எந்த ஓடை?" என்று திருப்பிக் கேட்கவே வழியில்லை. சொல்வது ஒரே தடவை. அதுவும் நாலைந்து எழுத்துக்குள். கேட்பவன் தப்பாகப் புரிந்துகொள்ளவே கூடாது. அந்த நெருக்கடிதான் கட்ட வரைபடத்தை விமானத்துக்குள் கொண்டுவந்தது.

பிரிட்டிஷாரின் போர்முனை வரைபடத்தில் ஒரு தாளை எழுத்துப் பெயரிட்ட பெரிய கட்டங்களாகப் பிரித்தார்கள். பெரிய கட்டத்துக்குள் ஆயிரம் கஜச் சதுரங்கள், எண்ணிட்டவை. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஐந்நூறு கஜத்தில் நான்கு கால் சதுரங்கள். அதற்குள் பத்தில் ஒரு பங்காக அளந்து சொன்னால் ஐம்பது கஜத்துக்குள் இடத்தைப் பிடித்துவிடலாம். மேலே பறப்பவனிடம் அதே தாள். கீழே பீரங்கிக்காரனிடமும் அதே தாள்.

குண்டு எங்கே விழுந்தது என்று சொல்வதற்கு 'கடிகார முறை' என்று இன்னொன்று வைத்திருந்தார்கள். இலக்கை நடுவில் வைத்துச் சுற்றிலும் வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எழுத்து: ஏ என்றால் ஐம்பது கஜம், பி என்றால் நூறு, சி என்றால் இருநூறு. திசைக்குக் கடிகார மணி. பன்னிரண்டு என்றால் வடக்கு. ஆக 'சி 3' என்று வந்தால், குண்டு இலக்குக்குக் கிழக்கே இருநூறு கஜத்தில் விழுந்திருக்கிறது. ஓர் எழுத்து, ஓர் எண். புளியமரமும் இல்லை, ஓடையும் இல்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டம் போடுவது பெரிய காரியமே இல்லை. ஸ்கேல் வைத்து நானும் போடலாம், நீங்களும் போடலாம். தாளில் இருக்கும் புள்ளியும் தரையில் இருக்கும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டுமே, அதுதான் காரியம். நம் நாட்டில் அந்த வேலை நம்ம மெட்ராசில்தான் ஆரம்பமானது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக, மலையுச்சிக்கு மலையுச்சி கோணம் பார்த்து, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை வரைக்கும் இந்தியாவைக் கட்டிப் போட்டார்கள். நம் சர்வே லேபில் சங்கிலியை இழுத்துக்கொண்டு, "இதெல்லாம் எதுக்குடா" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அது எதற்கு என்று இப்போது சொல்கிறேன், பேராசிரியர் மன்னிக்க வேண்டும்.

அந்த முக்கோணங்களின் மேல் இந்திய சர்வே துறை தாள்களை அடுக்கியது. நம் பகுதிக்கு வரிசை எண் 58. அது நான்கு டிகிரிக்கு நான்கு டிகிரி. அதற்குள் பதினாறு ஒரு டிகிரிச் சதுரங்கள், ஏ முதல் பி வரை. கடமலைக்குண்டு இருப்பது 58 ஜி. அதற்குள் மறுபடியும் பதினாறு தாள்கள். ராணுவத்துக்கும் விமானத்துக்கும் இதன் மேல் கஜக் கணக்கில் கட்டக் கோடுகளைப் போட்டார்கள். அந்தக் கட்ட அமைப்பில் தென்னிந்தியா 'நான்கு ஏ' மண்டலம். நமது மலையும், மூல வைகையும், சித்தப்பாவின் தோப்பும் அன்றைக்கே எண்ணுக்குள் வந்துவிட்டன. நமக்குத்தான் தெரியாது.

தரையில் இருப்பவனுக்கு மலையாவது தெரியும். கடல் மேல் பறப்பவன் என்ன செய்வான்? இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1942 ஏப்ரல் 4. இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகே கொக்கலை என்ற காயலிலிருந்து ஒரு கேடலினா விமானம் கிளம்பியது. தண்ணீரில் இறங்கும் விமானம். கனடா விமானப்படையின் 413-ஆவது பிரிவு. விமானி ஸ்குவாட்ரன் லீடர் லியோனார்ட் பிர்ச்சால். இலங்கைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்க இந்து மகாசமுத்திரத்தின் மேல் சுற்றியாகிவிட்டது. திரும்ப வேண்டிய நேரம். ஆனால் இடம் சரிதானா என்று நிலா வந்ததும் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று இன்னும் கொஞ்சம் பறந்தார்கள். அப்போது தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போனார்கள். ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் படை! பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே நகுமோவின் படை.

ஜப்பானிய ஜீரோ விமானங்கள் துரத்தின. பிர்ச்சாலின் ஆட்கள் செய்தி அனுப்பினார்கள்: எத்தனை கப்பல், எந்த இடம், எந்தத் திசை, என்ன வேகம். ஒரே செய்தியை மூன்று தடவை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும்போது ரேடியோ சிதறிப்போயிற்று. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, போர் முடியும் வரை ஜப்பானிடம் கைதிகளாக இருந்தார்கள்.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனால் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்ப முடிந்தது. சேதமே இல்லை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கே இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். மெட்ராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்த காலம் அது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

நான் இதில் கும்பிடுவது அந்த நிலாவுக்காகக் காத்திருந்த நிமிஷங்களை. "எதிரியைப் பார்த்தேன்" என்பது பாதிச் செய்திதான். "இந்த இடத்தில் பார்த்தேன்" என்பதுதான் முழுச் செய்தி. தான் இருக்கும் இடம் தனக்கே சரியாகத் தெரியாதவன், தான் பார்த்ததை அடுத்தவனுக்குச் சொல்ல முடியாது.

இதே போரில் ஜெர்மானியர் செய்தது வேடிக்கை. அவர்களுடைய விமானப்படை ஐரோப்பா முழுவதையும் இரண்டிரண்டு எழுத்துப் பெயரிட்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒன்பதாக வகுத்து, ரேடியோவில் இடம் சொன்னது. அவர்களுடைய கடற்படைக்கோ வேறு கட்டம், வேறு எழுத்து. ஒரே நாடு, ஒரே எதிரி, இரண்டு வரைபடம். எங்கள் ஊரில் இரண்டு ஒத்தப் புளியமரம் இருந்த மாதிரிதான்.

பிற்பாடு ஜெட் விமானங்கள் வந்து, ஒரே பறப்பில் நாலு நாட்டைத் தாண்டும் காலம் வந்தபோது, உலகம் முழுவதற்கும் ஒரே கட்டம் தேவைப்பட்டது. அமெரிக்க விமானப்படை 'ஜியோரெஃப்' என்ற முறையை எடுத்துக்கொண்டது. பூமி உருண்டையைப் பதினைந்து டிகிரிக் கட்டங்களாக வெட்டி இரண்டு எழுத்து. அதற்குள் ஒரு டிகிரிக் கட்டத்துக்கு இன்னும் இரண்டு எழுத்து. அதற்கு மேல் நிமிடங்கள் எண்ணில். எண்ணோடு குழம்பும் என்று ஐ, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கடமலைக்குண்டு இருக்கும் கட்டம் 'டி ஜி சி கே'. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் விமானியிடம் இந்த நான்கு எழுத்தைச் சொன்னாலும், அவன் விரல் நம்ம மலை மேல் வந்து நிற்கும். எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், கேம்பஸ் இன்டர்வியூவில் பாஸானபோதுகூட வரவில்லை!

நம் விமானப்படைக்கும் இந்தப் பாஷை புதிதல்ல. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலாவைப் பாகிஸ்தான் டாங்குகள் சூழ்ந்தன. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கம்பெனி ராத்திரி முழுவதும் தாக்குப்பிடித்தது. விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. மேஜர் ஆத்மா சிங் ஒரு சின்ன கிருஷக் விமானத்தில் சுற்றிக்கொண்டு, டாங்குகள் இருக்கும் இடத்தை ஹண்டர் விமானிகளுக்குச் சொன்னார். மணல்மேட்டுக்கு மணல்மேடு ஒரே மாதிரி இருக்கும் இடம். அங்கே புளியமரத்துக்கு எங்கே போவது?

போரை விடுங்கள். 2018 மார்ச் 11-ஐ நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போன இளம் பெண்களும் பையன்களும் அதில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்கு ராத்திரியே மலையை அறிந்த உள்ளூர் மக்கள் ஏறிப் போய்த் தூக்கி வந்தார்கள். சூலூர் தளத்திலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கால்நடையாகப் போகும் ஊர்க்காரருக்குப் பாறையின் பெயர் போதும். ஹெலிகாப்டர் விமானிக்கு எண் வேண்டும். ஆபத்து நேரத்தில் இரண்டு பேருமே வருகிறார்கள். அதனால்தான் நமக்கு இரண்டு பாஷையும் வேண்டும் என்கிறேன். பாறையின் பெயரை மறக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் எண்ணையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் நல்ல வரைபடம் கையில் கிடைப்பதே அரிது. 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021-இல் கட்டுப்பாடுகள் இன்னும் தளர்ந்தன. 2000 மே மாதத்தில் அமெரிக்கா ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன், பிர்ச்சால் நிலாவுக்காகக் காத்திருந்து தேடியதை அரை நிமிஷத்தில் சொல்லிவிடும். இணையம் இல்லாவிட்டாலும் சொல்லும். வானம் தெரிந்தால் போதும்.

ஆனால் எண் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தப்பாகச் சொன்னால் புளியமரமே மேல். என் தொழிலில் நான் பார்த்த தப்புகளில் நான்கை மட்டும் சொல்கிறேன். மாணவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தப்பு, வரிசை. கட்ட வரைபடத்தில் கிழக்குத் தூரம் முதலில், வடக்குத் தூரம் பிறகு. முதலில் தெருவில் நட, அப்புறம் மாடி ஏறு. ஆனால் டிகிரியில் சொல்லும்போது வழக்கம் தலைகீழ்: வடக்கு முதலில், கிழக்கு பிறகு. நம்ம ஊர் வடக்கு 9, கிழக்கு 77 டிகிரிச் சதுரத்தில் இருக்கிறது. இதை மாற்றிச் சொன்னால் ஆர்க்டிக் கடலுக்குப் பக்கத்தில் பனிக்கட்டி மிதக்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது தப்பு, புள்ளி. 9 டிகிரி 48 நிமிடம் என்பது வேறு, 9.48 என்பது வேறு. நிமிடத்துக்கு அறுபது கணக்கு. 9 டிகிரி 48 நிமிடத்தைத் தசமத்தில் எழுதினால் 9.80. நம்ம பக்கத்து இடம் ஒன்றை 9.48 என்று சொல்லிவிட்டால் முப்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே, மலையைத் தாண்டி ராஜபாளையம் பக்கம் போய் நிற்பார்கள்.

மூன்றாவது தப்பு, சுருக்கிச் சொல்வது. தசமத்தில் இரண்டு இடம் சொன்னால் ஒரு கிலோமீட்டர் வரை தடுமாற்றம். நாலு இடம் சொன்னால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் வந்துவிடலாம். காட்டுக்குள் இது உயிர்ப் பிரச்சினை.

நான்காவது, பழைய தாளும் புதிய போனும். பழைய சர்வே தாள்கள் எவரெஸ்ட் என்ற பூமி உருவக் கணக்கில் வரைந்தவை. ஜி.பி.எஸ். கணக்கு வேறு. ஒரே எண்ணை இரண்டிலும் வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேலேயே விலகும். சிவில் மாணவர்கள் இதை மறந்தால் ஓடைக்குக் கட்ட வேண்டிய பாலத்தை ஒருத்தர் தோட்டத்தில் கட்டிவிடுவார்கள்.

இந்தத் தொல்லைகளைக் குறைக்கத்தான் இந்திய அஞ்சல் துறை 2025-இல் 'டிஜிபின்' என்ற முறையைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பதினாறாக, அதையும் பதினாறாக என்று பத்துப் படி இறங்குகிறார்கள். பத்து எழுத்தில் ஏறக்குறைய நாலு மீட்டர் சதுரம். ஒரு மாட்டுக்கொட்டகை அளவு. கதவு எண் இல்லாத தோப்புக்கும் களத்துமேட்டுக்கும் ஒரு விலாசம். நூறு வருஷத்துக்கு முன்னால் பீரங்கிக்காக விமானத்தில் ஏறிய அதே யுக்திதான், கட்டத்துக்குள் கட்டம், இப்போது தபால்காரர் கைக்கு வந்திருக்கிறது.

நண்பர்களே, என் வேண்டுகோள் சின்னது. போன கோடை விடுமுறையில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு தோப்பு தோப்பாக நடந்தேன். ஒவ்வொரு தோப்பின் முகப்பிலும் ஒரு கல்லில் பெயின்ட்டால் எண்ணை எழுதினோம். வடக்கு முதலில், கிழக்கு பிறகு, நாலு தசமம். ஒத்தப் புளியமரம் இரண்டிலும் எழுதினோம். பாதித் தோப்புகள்தான் முடிந்திருக்கின்றன. வருசநாட்டுப் பக்கம் இன்னும் கால் வைக்கவே இல்லை. மழையில் பெயின்ட் அழிகிறது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

நம் கல்லூரி வருஷா வருஷம் சர்வே கேம்ப் நடத்துகிறது. மாணவர்கள் எங்கோ ஒரு மைதானத்தை அளந்து, ரெக்கார்டு நோட்டில் வரைந்து, மார்க் வாங்கி, மறந்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். இந்த வருஷம் அந்தக் கேம்பை மலையடிவார ஊர் ஒன்றில் வையுங்கள். தோப்பு, குடியிருப்பு, ஓடை கடக்கும் இடம், கோயில், சிக்னல் கிடைக்கும் மேடு, எல்லாவற்றுக்கும் எண் குறியுங்கள். ஒரு தாளில் அச்சடித்து ஊராட்சி மன்றத்திலும், டீக்கடையிலும், பள்ளிக்கூடத்திலும் ஒட்டுங்கள். அதன் அச்சுச் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ளும் என்று நண்பர்களைக் கேட்காமலேயே இந்த மேடையில் அறிவிக்கிறேன். அவர்கள் இப்போது எதிர்ப்புத் தெரிவிக்க முடியாது.

சித்தப்பா நடக்கிறார். கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் கால் நேராக இருந்திருக்குமா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, தோப்பில் எண் எழுதிய கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். "என்னடா, இம்புட்டு எண்ணயும் நான் மனப்பாடம் பண்ணணுமா?" என்றார். "வேண்டாம் சித்தப்பா, விழுந்தா பார்த்துப் படிச்சாப் போதும்" என்றேன். "அப்ப கல்லுக்குப் பக்கத்துலயே விழணும்ங்கற" என்றார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆகவே கல்லையும் எழுதுங்கள். போனில் பார்க்கவும் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் கூடச் சொல்லிக் கொடுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.